முனை தேய்ந்த பூட்ஸ்

பேருந்து நிலையத்தின் மூன்றாவது வாசலில், கடிகாரக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ஒரு ஷூ ரிப்பேர் கடை இருக்கிறது. அகலம் ஆறடி. உள்ளே ஒரு தையல் இயந்திரம், நாலு பசை டப்பா, ஒரு சாக்கு மூட்டை, ஒரு ஸ்டூல், ஸ்டூலில் ஜோசியர். அவர் ஜாதகம் பார்க்கிறவர் இல்லை. கொண்டுவந்து கொடுக்கிற செருப்பையோ ஷூவையோ திருப்பி அடியைப் பார்ப்பார். "இடது முட்டி வலிக்குமே? படி இறங்குறப்ப இன்னும் ஜாஸ்தியா இருக்குமே?" என்பார். வந்தவர் வாயைப் பிளப்பார். முட்டியைப் பார்க்காமலே முட்டி வலியைச் சொல்கிற மனிதருக்கு ஊர் வேறு என்ன பெயர் வைக்கும்?

இதில் மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. இருபத்தேழு வருஷமாக அடுத்தவர் நடையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவருக்கு இதுகூடத் தெரியாவிட்டால்தான் வெட்கம். காலை அகட்டி நடக்கிறவருக்குக் குதிகாலின் வெளி ஓரம் தேயும். பாரம் தூக்குகிறவருக்கு நடுப்பாதம் தேயும். நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கிறவருக்கு அடி அப்படியே இருக்கும், மேல் தோல் மட்டும் மடிந்து மடிந்து வெடிக்கும்.

அவருடைய மகனுக்கு முனை தேயும். அந்தப் பையன் நடந்து யாரும் பார்த்ததில்லை. முன்பாதத்தை ஊன்றி உந்தி உந்திப் பாய்வான். பள்ளிக்கூட ஷூ மூன்று மாதம் தாங்காது. குதிகால் கடையில் வாங்கியபடியே இருக்கும், முனை காகிதமாகியிருக்கும். "ஏன்டா, குதிகாலும் சேத்துத்தானேடா வாங்குனோம், அதையும் கொஞ்சம் தரையில வைடா" என்று ஜோசியர் திட்டுவார். அதைக் காதில் வாங்குவதற்குள் அவன் தெருமுனைக்குப் போயிருப்பான்.

வீட்டிலும் தெருவிலும் அவனுக்கு அவசரம் என்று பெயர். டாக்டர் குறித்த நாளுக்கு மூன்று வாரம் முன்னாலேயே பிறந்துவிட்டான், அப்போது ஒட்டிக்கொண்ட பெயர். கூட்டாளிகள் வாசலில் வந்து நின்று, "அம்மா, அவசரம் இருக்கா?" என்று கேட்பார்கள். "எனக்கு இல்லப்பா, உங்களுக்கு இருந்தா பின்பக்கம் போங்க" என்று அவன் அம்மா உள்ளிருந்தே பதில் சொல்வார். தினமும் இதே கேள்வி, இதே பதில், தினமும் சிரிப்பார்கள்.

பத்தொன்பது வயதில் ராணுவத்தில் சேர்ந்தான். இருபத்திரண்டு வயதில் செத்துப்போனான். சண்டை இல்லை, எதிரி இல்லை. மலைப்பாதையில் மழையில் சாமான் ஏற்றிப்போன லாரி உருண்டது. பின்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் பிழைக்கவில்லை. ஒருவன் அவசரம், இன்னொருவன் அவனுடைய பக்கத்துக் கட்டில்காரன். துக்கம் கேட்க வந்த ஒரு பெரிய மனிதர், "பாருங்க, போறதுலயும் அவசரப்பட்டுட்டான்" என்றார். ஆறுதல் சொன்னாராம். அந்த வாய்க்கு அன்றைக்கு வேறு வேலையே இல்லை. பையனின் அம்மா எழுந்து அவருக்கு வாசலைக் காட்டினார்.

இரண்டரை மாதம் கழித்து ஒரு தகரப் பெட்டி வந்தது. உள்ளே நாலு சட்டை, கைபேசி, சவரப் பெட்டி, ஒரு கம்பளி, ஒரு ஜோடி கறுப்பு பூட்ஸ். ஒவ்வொருவருக்கும் இரண்டு ஜோடி கொடுப்பார்களாம். காலில் இருந்தது அவனோடு போய்விட்டது. இது கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அம்மா இடது பூட்ஸை எடுத்து மார்போடு சேர்த்துக்கொண்டார். ஜோசியர் வலதை எடுத்தார். எடுத்த கை சும்மா இருக்குமா? வழக்கம்போலத் திருப்பிவிட்டது.

முனை புதிதாக இருந்தது. குதிகாலின் வெளி ஓரம் சரிவாகத் தேய்ந்திருந்தது.

இது என் பையன் இல்லை என்று நினைத்தார். பூட்ஸ் இல்லை என்றுகூட நினைக்கவில்லை, பையன் இல்லை என்றே நினைத்தார். யாருடையது என்பதும் அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. மகன் ஃபோனில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்: "அப்பா, பக்கத்துக் கட்டில்ல ஒருத்தன் இருக்கான்ப்பா, வாத்துன்னுதான் கூப்பிடுவோம். பரேடுல ஆடி ஆடித்தான் வருவான். நீ ஒரு தடவை அவன் பூட்ஸைப் பாக்கணும்ப்பா." பார்த்துவிட்டார். பக்கத்துப் பக்கத்துக் கட்டில், ஒரே ஒன்பதாம் நம்பர் அளவு, உள்ளே மையால் எழுதிய எண் வியர்வையில் அழிந்திருந்தது. பெட்டி கட்டியவர் மாற்றிக் கட்டிவிட்டார்.

சொல்லத்தான் வாயைத் திறந்தார். எதிரே அவர் வீட்டுக்காரம்மா கண்ணை மூடிக்கொண்டு அந்த இடது பூட்ஸின் மேல் தாடையை வைத்துக்கொண்டிருந்தார். வார்த்தையை மென்று விழுங்கினார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்தார். அந்த நாளை ஒன்பது மாதம் நீண்டது.

வீட்டுக்காரம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் துணிக்கிடங்கு வேலை. ஒரு நாளைக்கு இருநூறு படுக்கை விரிப்பு மடித்து அடுக்குவார். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. காலையில் காபி குடித்ததும் தரையில் செய்தித்தாளை விரித்து, பூட்ஸுக்குள் இடது கையை நுழைத்துக்கொண்டு வலது கையால் பாலிஷ் போடுவார். போட்டுக்கொண்டே பேசுவார். "டேய், உங்கப்பா திரும்பவும் சர்க்கரையைத் திருடித் திங்கிறார்டா. டாக்டர் கேட்டா நாந்தான் காபியில ஜாஸ்தி போட்டேங்கிறார். ரெண்டாவது வார்டு நர்ஸுக்குக் கல்யாணம் முடிவாயிடுச்சு. நீ இருந்தா உனக்குக் கேட்டிருப்பேன், உன்னை விட அரை அடி உயரம், பரவாயில்ல." பக்கத்து அறையில் ஜோசியர் செய்தித்தாளின் மீதிப் பக்கத்தை வைத்துக்கொண்டு, ஒரு வரியும் படிக்காமல் உட்கார்ந்திருப்பார். அம்மா பேசுவது தன் பிள்ளையிடம் இல்லை என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

சொல்லியிருக்கலாம்தான். வெளியில் நின்றுகொண்டு அப்படிச் சொல்ல நமக்கு வாயா வலிக்கிறது!

பிறகு ஒரு கடிதம் வந்தது. முதலாம் ஆண்டு நினைவு நாளன்று படைப்பிரிவின் முகாமில் ஒரு நினைவு அறை திறக்கப் போகிறார்கள். இறந்த ஒவ்வொருவரும் பயன்படுத்திய பொருள் ஒன்று, கண்ணாடிப் பெட்டிக்குள், கீழே அவர் பெயர். குடும்பத்தினர் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

"பூட்ஸ்தான்," என்றார் வீட்டுக்காரம்மா, யோசிக்கவே இல்லை. "அவன்னா கால்தானே. கால் ஒரு இடத்துல நின்னதா? இனிமேலாவது நிக்கட்டும்."

ஜோசியருக்கு அது ஒப்பவில்லை. வீட்டுக்குள் இருக்கும்வரை பொய் வீட்டோடு போயிற்று. ஊரார் வந்து பார்க்கிற இடத்தில், மகன் பெயருக்கு மேலே இன்னொருவன் நடையை வைப்பதா?

கடிகாரக்காரரிடம்தான் போய்ச் சொன்னார். கண்ணில் செருகியிருந்த கண்ணாடியைக் கழற்றாமலே அவர் கேட்டு முடித்தார். "யோவ் ஜோசியரே, ஊர்ல இருக்கிறவன் முட்டி வலியையெல்லாம் கேக்காமலே சொல்ற. வீட்டுல இருக்கிற பொம்பளைகிட்ட இதைச் சொல்ல உனக்கு ஒம்போது மாசமா? போய்ச் சொல்லித் தொலை."

"முதல்ல அவன் பூட்ஸை வாங்கிட்டு வந்துடறேன். கையில வெச்சுக்கிட்டுச் சொன்னா கொஞ்சம் தாங்குவா."

"தாங்கப்போறது அவங்களா, நீயா?" என்று கடிகாரக்காரர் கேட்டார்.

மகனின் கைபேசியில் 'வாத்து வீடு' என்று ஒரு எண் இருந்தது. கூப்பிட்டார். வாத்தின் அப்பா எடுத்தார். மொத்தக் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குகிறவராம். விஷயத்தை ஃபோனில் சொல்ல ஜோசியருக்கு நாக்கு வரவில்லை. ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். "வாங்க தம்பி, பதினோரு மணிக்கு மேல லோடு இருக்காது" என்றார் அவர். வீட்டில், கண்ணாடிப் பெட்டிக்குப் போவதற்குமுன் தையலைச் சரி பார்த்துவிடுகிறேன் என்று சொல்லி, பூட்ஸைத் துணிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். நாலு மணி நேரப் பயணம். பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

சந்தையில் கடைசி லாரி காலியாகிக்கொண்டிருந்தது. தரையெல்லாம் தண்ணீரும் கோஸ் இலையும். முதுகில் மூட்டையோடு ஒருவர் அவரைத் தாண்டிப் போனார். முகம் தெரியவில்லை, தெரியவும் வேண்டியிருக்கவில்லை. காலை அகட்டி, இரண்டு பக்கமும் ஆடி ஆடிப் போன அந்த நடையை ஜோசியர் ஒன்பது மாதமாக வீட்டில் வைத்திருந்தார். நடையைப் பார்த்த பிறகுதான் காலைப் பார்த்தார். கறுப்பு பூட்ஸ். முனைத் தோலில், அவசரம் எப்போதும் மடக்கும் இடத்தில், இரண்டு மடிப்பு.

மூட்டைக்காரர் இறக்கிவைத்துவிட்டு வந்தார். அறுபதை நெருங்குகிற மனிதர். "நீங்கதான் அவசரத்தோட அப்பாவா? என் பையன் ஃபோன் பண்ணா பாதி நேரம் உங்க பையன் பேச்சுத்தான். அவன் முன்னாடி ஓடுவானாம், இவன் பின்னாடி, 'நில்றா, நில்றா'ன்னு கத்திக்கிட்டே போவானாம்." சொல்லிவிட்டுச் சிரித்தார். டீ வாங்கிவந்தார். இரண்டு பேரும் காலி மரப்பெட்டிகள் மேல் உட்கார்ந்தார்கள்.

"அண்ணே, இந்த பூட்ஸைப் போட்டுக்கிட்டே வேலை பாக்கிறீங்களா?"

"ஆமா. பெட்டியில பூட்டி வெச்சு என்ன செய்ய? அவன் அம்மா இருந்தாலாவது எடுத்து எடுத்துப் பாத்துக்கிட்டிருப்பா, அவ இவன் கைக்குழந்தையா இருக்கிறப்பவே போயிட்டா. எனக்கு அழத் தெரியல தம்பி. அவன் கால் இருந்த இடத்துல என் காலு இருக்கட்டும்னு மாட்டிக்கிட்டேன். கொஞ்சம் கடிக்குது. கடிச்சாக் கடிக்கட்டும்."

ஜோசியர் டீயைக் கீழே வைத்தார். பையிலிருந்து வாத்தின் பூட்ஸை எடுத்து நடுவில் வைத்தார். "மாறிப்போச்சு அண்ணே. நீங்க போட்டிருக்கிறது என் பையனோடது."

மூட்டைக்காரர் நம்பவில்லை. "ஒம்போதுன்னுதானே போட்டிருக்கு? அவன் அளவு ஒம்போதுதான்."

"என் பையனும் ஒம்போதுதான். உங்க பழைய செருப்பு இருக்கா?"

பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு ரப்பர் செருப்பு வந்தது. ஜோசியர் அதைத் திருப்பி, பூட்ஸையும் திருப்பி, குதிகாலோடு குதிகாலைச் சேர்த்து வைத்தார். ஒரே ஓரம், ஒரே சரிவு. "இது உங்க வீட்டு நடை அண்ணே. வேற யாரும் இப்படித் தேய்க்க முடியாது."

மூட்டைக்காரர் இரண்டையும் தொட்டுப் பார்த்தார். பிறகு காலில் இருந்ததைக் கழற்றிவிட்டு மகனுடையதை மாட்டினார். எழுந்து நாலு அடி வைத்தார். "கடிக்கல," என்றார். "தம்பி, இது கடிக்கவே இல்ல." அழத் தெரியாது என்று சொன்ன மனிதர் சந்தை நடுவில் வாய்விட்டு அழுதார். லாரிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும். ஜோசியர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அழுகை அடங்கிய பிறகு மூட்டைக்காரர் தோள் துண்டால் அந்த இன்னொரு ஜோடியை நன்றாகத் துடைத்து, இரண்டு கையாலும் கொடுத்தார். ஜோசியர் வாங்கித் திருப்பினார்.

புத்தம்புது ரப்பர் அடி.

"முன்பக்கம் ஓட்டையாகிற அளவுக்குத் தேஞ்சிருந்துச்சு தம்பி. இங்க எப்பவும் ஈரம், தண்ணி உள்ள வந்துச்சு. பத்து நாள் முன்னாடிதான் புது அடி போட்டேன். நல்லா வேலை தெரிஞ்சவனாப் பாத்துத்தான் குடுத்தேன்."

ஜோசியர் ஓரத் தையலை விரலால் தடவிப் பார்த்தார். "நல்லாத்தான் தெச்சிருக்கான்," என்றார். "பழைய அடி என்னாச்சு?"

"அதை யாரு தம்பி கேட்டு வாங்குவா?"

யாரும் கேட்டு வாங்க மாட்டார்கள். அது ஜோசியருக்குத் தெரியாதா? அவர் கடையிலும் அறுத்தெடுத்த அடிகள் சாக்கு மூட்டைக்குள்தான் போகும், சனிக்கிழமை குப்பை வண்டி வரும். இருபத்தேழு வருஷமாக எத்தனை பேருடைய நடையை அப்படி வண்டியில் ஏற்றி அனுப்பியிருக்கிறாரோ. ஒருவர்கூடத் திரும்பி வந்து கேட்டதில்லை.

மூட்டைக்காரருக்கு எதுவோ புரிந்து முகம் வாடியது. "தப்புப் பண்ணிட்டேனா?" என்று கேட்டார். "இல்ல அண்ணே, நனையக்கூடாதுல்ல" என்று சொல்லிவிட்டு ஜோசியர் பஸ் ஏறினார்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் சொன்னார். இந்தத் தடவை எதையும் மறைக்கவில்லை. வீட்டுக்காரம்மா நின்றுகொண்டே கேட்டார்.

"ஒம்போது மாசம்!" என்றார். "நான் பைத்தியக்காரி மாதிரி அந்த பூட்ஸுக்குள்ள கையை விட்டுக்கிட்டு ஊர்க்கதை பேசிட்டிருந்திருக்கேன். நீங்க பக்கத்து ரூம்ல உக்காந்து கேட்டுட்டிருந்திருக்கீங்க."

"உனக்கு வலிக்குமேன்னுதான்."

"எனக்கு வலிக்காமப் பாத்துக்க நீங்க யாருங்க? அவன் உங்களுக்கு மட்டும் புள்ளையா? வலியில எனக்குப் பங்கு கிடையாதா?"

தட்டை வைத்த சத்தத்தில் மீதிப் பேச்சு இருந்தது. சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் கேட்டார்: "அந்தப் புள்ளைக்கு அம்மா?"

"சின்னதுலயே போயிட்டாங்களாம்."

"அப்ப நான் பாலிஷ் போட்டதும் பேசுனதும் வீணாப் போகல," என்றார். சமையலறை விளக்கை அணைத்துவிட்டுப் போனார். ஜோசியர் புது அடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலையில் கடைக்குப் போனால், பின்னாலேயே வீட்டுக்காரம்மா வந்தார். கிடங்கில் அரை நாள் விடுப்பு சொல்லியிருந்தார். கையில் பூட்ஸ். பசை டப்பாக்களை ஒதுக்கிவிட்டு மேஜை மேல் வைத்தார்.

"எப்படித் தேஞ்சிருந்திருக்கும்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்படித் தேயுங்க."

ஜோசியர் நிமிர்ந்து பார்த்தார். தேய்ந்ததை எடுத்துப் புதிது வைப்பதுதான் அவர் தொழில். புதிதைத் தேய்க்கச் சொல்லி இதுவரை யாரும் வந்ததில்லை. "ஏமாத்து வேலை மாதிரி இருக்காதா? கண்ணாடிக்குள்ள வைக்கப் போற பொருள்."

"அவன் இருந்திருந்தா இந்தப் புது அடி இந்நேரம் புதுசாவா இருக்கும்? தேயுங்க."

பக்கத்துக் கடையில் கடிகாரக்காரர் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டார். ஜோசியர் அரத்தை எடுத்தார். கைக்குக் கிடைத்த இடது பூட்ஸைக் கவிழ்த்து முட்டிகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டார். முனையில், பெருவிரலுக்குக் கீழே, அரத்தை வைத்தார். அப்படியே நின்றுவிட்டார்.

இரண்டு காலும் ஒன்றுபோலத் தேயாது. யாருக்குமே தேயாது. உந்துகிற கால் அதிகம் தேயும், மற்றது குறைவு. வந்தவருக்கெல்லாம் அவர் முதலில் பார்த்துச் சொல்வதே அதைத்தான். அவசரத்துக்கு எது? கண்ணை மூடிப் பார்த்தார். ஒண்ணாம் வகுப்பு ஷூ வந்தது, ஒன்பதாம் வகுப்பு ஷூ வந்தது, தேய்ந்த முனை வந்தது. எந்தக் கால் என்பது மட்டும் வரவில்லை. முந்தாநாள் கடைக்கு வந்த அந்நியரின் முட்டி ஞாபகம் இருந்தது.

"என்ன?" என்றார் வீட்டுக்காரம்மா.

"எது ஜாஸ்தி தேயும்னு மறந்துபோச்சு." சொல்லும்போதே ஜோசியருக்கு உதடு கோணிக்கொண்டது. "எம்புள்ளையோடது எனக்கு மறந்துபோச்சும்மா."

"வலது," என்றார் அவர், கொஞ்சமும் தயங்காமல். "வலது பெருவிரல் நகம் எப்பவும் கறுத்துப்போய்க் கிடக்கும். பத்து வயசு வரைக்கும் நான்தானே நகம் வெட்டிவிட்டேன்? தொட்டாலே கத்துவான். இடதுல ஒண்ணும் இருக்காது."

ஜோசியர் இடதைக் கீழே வைத்துவிட்டு வலதை எடுத்தார். வீட்டுக்காரம்மா ஸ்டூலுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பூட்ஸ் ஆடாமல் இருக்கக் குதிகாலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஜோசியர் தேய்க்க ஆரம்பித்தார்.